இடது கன்னத்துச் சாட்சி

"எந்தப் பக்கம்ட்டி?"

கடைக்குள் காலை வைக்கும்போதே இதுதான் கேள்வி. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா ஒன்றும் கிடையாது. தென்காசியில் நான் முகப்பூச்சு விற்கிற கடைக்கு, குற்றாலத்தில் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ஈரச் சேலையோடு நேராக வருவாள் அந்த அக்கா. நீலச் சேலைக்கு மேலே காக்கிச் சட்டை, கழுத்தில் கயிறு கோத்த விசில். கண்ணாடி மேசைக்கு மேல் குனிந்து முகத்தை நீட்டுவாள். முதலில் இடது கன்னம், பிறகு வலது, மறுபடியும் இடது. நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, பதில் சொல்லாமல் தப்ப முடியாது. அதுவரை ஒரு இடத்தில் நிற்கவும் மாட்டாள். இந்த அலமாரிக்கும் அந்த அலமாரிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். பார்க்கிற எனக்குக் கால் வலிக்கும்.

"இடதுதான்க்கா."

"பாக்காம சொல்லாத. வெளிச்சத்துக்கு வா" என்று கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

குற்றாலம் மெயின் அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் ஒப்பந்தத்தில் காவலுக்கு நின்றவள் அவள். கூட்டத்தை வரிசையில் விட வேண்டும், பாசி வழுக்கும் இடத்தில் நிற்பவர்களை விசில் ஊதி விரட்ட வேண்டும், தண்ணீர் கூடினால் எல்லோரையும் கரையேற்ற வேண்டும். அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் தேய்க்கக் கூடாது என்று தடை இருப்பதால், பைகளைப் பார்த்து அவற்றை வாங்கி வைப்பதும் அவள் வேலைதான். அதற்கென்று ஒரு பச்சை வாளி. திரும்பிப் போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் குளித்துவிட்டுக் குளிரில் பல் கிட்டிக்கப் போகிறவர்களுக்கு வாளியா ஞாபகம் இருக்கும்? சூடாக பஜ்ஜி எங்கே கிடைக்கும் என்பதுதான் ஞாபகம் இருக்கும். சாயங்காலம் பார்த்தால் வாளி பாதி நிறைந்து கிடக்கும்.

எட்டு நாள் வைத்திருப்பாள். "மஞ்சச் சுடிதார், மெட்ராஸ் பேச்சு, கூட ஒரு அழுமூஞ்சிப் பிள்ளை" என்று ஒவ்வொரு பொருளுக்கும் உடையவளை நினைவில் வைத்திருப்பாள். ஒரு தடவை ஒரு சின்னக் குப்பிக்காக ஓடி, கிளம்பிவிட்ட பஸ்ஸை விசில் ஊதி நிறுத்தி, ஜன்னல் வழியாக நீட்டியிருக்கிறாள். கண்டக்டர் வாயில் வந்தபடி ஏசினாராம். எட்டு நாளும் தாண்டி யாரும் வராவிட்டால் அங்கே வேலை செய்கிற பெண்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். சோப்பும் ஷாம்பும் உடனே போய்விடும். எதற்கென்றே தெரியாத குட்டிக் குப்பிகளையும் டப்பாக்களையும் யாரும் சீந்த மாட்டார்கள். அவைதான் இவளுக்கு வந்து சேரும்.

அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வருவாள். நான் போனில் தேடிப் பார்த்து, இது கண்ணுக்குக் கீழே போடுவது, இது படுக்கப் போகும்போது போடுவது என்று சொல்ல வேண்டும். கடைசியாக விலை. விலையைக் கேட்டதும் விரலை மடக்குவாள். ரூபாய்க் கணக்கு அவளுக்கு ஏறாது. எத்தனை நாள் அருவியில் நிற்க வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு.

"ஏ அம்மா! இந்தத் துளியூண்டு டப்பாவுக்குப் பதினோரு நாள் நிக்கணுமா? அப்படி என்னட்டி இருக்கு இதுக்குள்ள?"

"போட்டுத்தான் பாருங்களேன்க்கா."

"போடத்தான் போறேன். பாதி மூஞ்சில போடுதேன்."

முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "முழு மூஞ்சிலயும் போட்டா யாருட்டி சாட்சி?" என்றாள்.

அதிலிருந்து எல்லாம் இடது கன்னத்துக்குத்தான். வலது கன்னம் சாட்சிக்குச் சும்மா கிடக்கும். ஒரு மாதம் ஊரெல்லாம் ஒரே கேள்வி. டீக்கடைக்காரர், பூ விற்கிறவள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து மாட்டிக்கொள்கிறவள், அருவியில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள் என்று எல்லோரும் சொல்ல வேண்டும், எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று. மாதக் கடைசியில் தீர்ப்பு வரும். அப்படி ஒரு தீர்ப்பை மறக்கவே முடியவில்லை. "வாசத்துக்கு ரெண்டு நாள் நிக்கலாம், டப்பா அழகுக்கு ஒரு நாள் நிக்கலாம். உள்ள இருக்கதுக்கு அரை நாள். மிச்சமெல்லாம் காத்துட்டி." முகப்பூச்சு விற்றுப் பிழைக்கிற என்னிடம் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போகிறாள் பாருங்கள்.

முகத்தோடு விட்டாளா என்றால், அதுவும் இல்லை. எந்தக் கம்பெனிச் செருப்பு உழைக்கும் என்று பார்க்க, ஒரு காலில் நீலமும் ஒரு காலில் கறுப்புமாக ஒரு வருஷம் நடந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ஒன்றில் மட்டும் தைலம் தேய்த்துவிட்டு, மற்றதைச் சாட்சிக்கு விட்டாளாம். அந்த மனிதர் ஒரு மாதம் நொண்டிக்கொண்டே சாட்சி சொல்லியிருக்கிறார்.

கறுப்புச் செருப்புதான் உழைக்கும் என்று ஆய்க்குடியில் ஒருத்தியிடம் சொல்லியிருந்தாள். பிறகு கறுப்பில்தான் முதலில் வார் அறுந்தது. நாமாக இருந்தால் விட்டுவிடுவோம். இவள் லீவு நாளில் பஸ் ஏறி ஆய்க்குடிக்குப் போய், அந்த வீட்டு வாசலில் நின்று, "நான் சொன்னது தப்பு தாயி. அதைச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"அவிய என்னக்கா சொன்னாவ?"

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தியன்னு கேட்டா. ஏன்ட்டி, தப்பாச் சொன்ன வாயை வச்சுக்கிட்டு வீட்டுல எப்படிச் சோறு திங்க?"

கேலி செய்யலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன்.

இனி என் கதையையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. காப்பிப்பொடி நிறத்தில், இரண்டு பக்கமும் அளந்து வைத்த மாதிரி. முகத்துக்குப் போடுகிறதை விற்கிறவளின் முகத்தில் மங்கு. வாங்க வருகிற பெண்கள் முதலில் என் கன்னத்தைப் பார்ப்பார்கள், பிறகு கையில் இருக்கிற டப்பாவைப் பார்ப்பார்கள், அப்புறம் மெதுவாகக் கீழே வைத்துவிடுவார்கள். காலையில் வீட்டில் பவுடரை அப்பிக்கொண்டு கிளம்புவேன். மத்தியானத்துக்குள் வியர்வையில் அது கலைந்துவிடும்.

அந்த வருஷம்தான் கடை அண்ணாச்சி வெளிநாட்டுக் கிரீம்களுக்கென்று தனியாக ஒரு தட்டு போட்டார். தங்க நிற மூடி, கனத்த கண்ணாடி டப்பா. ஒன்றும் நகரவில்லை. "சீசன் முடியதுக்குள்ள இந்தத் தட்டு காலியாகலைன்னா, அங்கன ஒரு ஆளு எதுக்கு?" என்றார் அண்ணாச்சி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அப்போது நிலையான வேலை கிடையாது. எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அதே தங்க மூடி டப்பா ஒன்று அவள் வாளிக்கு வந்தது. அதன் விலையும் அவள் கணக்கில் பதினோரு நாள். எட்டு நாள் ஆகியும் உடையவள் வரவில்லை. ஒன்பதாம் நாள் இடது கன்னத்தில் ஏறியது.

ஒரு மாதம் கழித்து நான் பார்த்ததைப் பொய்யில்லாமல் சொல்கிறேன். வலது கன்னம் கறுத்து வறண்டு கிடந்தது. இடது கன்னம் மினுமினுப்பாக, தொட்டால் விரல் வழுக்கியது. அவளே நம்பாமல் இன்னும் பத்து நாள் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள்: "பதினோரு நாளும் தகும்ட்டி."

அரை நாள் கொடுக்கவே யோசிக்கிற வாய் இப்படிச் சொன்னால் ஊர் நம்பாமல் இருக்குமா? என் மேசைக்கு வந்தவர்களிடம் அவளே கன்னத்தை நீட்டினாள். "தொட்டுப் பாருங்க, காசா பணமா" என்றாள். அருவி வரிசையில் நின்றவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள், கடையத்திலிருந்து ஒரு கூட்டம், ஆய்க்குடியில் செருப்பு சமாச்சாரம் கேட்டவள் என்று எல்லோரும் வந்து வாங்கினார்கள். தட்டு காலியானது. அண்ணாச்சி இன்னொரு பெட்டிக்குச் சொல்லிவிட்டார். நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். மூன்று மாதம் இரண்டு கன்னத்திலும் தேய்த்தேன். மங்கு அசையவில்லை. கிரீமைக் குறை சொல்லத் தோன்றவில்லை. என் முகத்தைத்தான் வைதுகொண்டேன்.

அடுத்த சீசனுக்கு அவளை ஐந்தருவிக்கு மாற்றினார்கள். ஒன்றரை மாதம் கடைப் பக்கமே வரவில்லை. வந்த அன்று "எந்தப் பக்கம்?" என்று கேட்கவும் இல்லை.

அன்று என் மேசை முன்னால் கீழப்பாவூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் நின்றது. கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, கூட நாலைந்து பேர். அம்மா தங்க மூடி டப்பாவைக் கையில் எடுத்துவிட்டாள். எனக்கு அது பெரிய விற்பனை. அண்ணாச்சி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அருவி பக்கம் மாறிட்டு" என்றபடி அவள் உள்ளே வந்தாள்.

"அப்புறம் பேசுவோம்க்கா."

"அப்புறம் என்னட்டி அப்புறம். கேளு. மெயின் அருவில நான் நிக்க இடத்துல அருவி எனக்கு இடக்கைப் பக்கம். நாள் முழுக்கச் சாரலு இடது கன்னத்துல அடிக்கும். காலை வெயிலு பூரா வலது கன்னத்துல. இப்ப ஐந்தருவில அருவி வலக்கைப் பக்கம் வந்துட்டு, வெயிலு இடது பக்கம் போயிட்டு. அதே டப்பாவை அதே இடது கன்னத்துலதான் போடுதேன். இந்தா, பாரு."

முகத்தைத் திருப்பிக் காட்டினாள். இடது கன்னம் கருகியிருந்தது. ஒன்றுமே தொடாத வலது கன்னம் வெற்றிலைக் கொழுந்து மாதிரி இருந்தது.

"இத்தனை நாளும் சாட்சி சொன்னது அருவிட்டி. டப்பா இல்ல."

கல்யாணப் பெண்ணின் அம்மா டப்பாவைக் கையில் பிடித்தபடி, "என்னம்மா சொல்லுதா இவ? அப்ப இது மோசமா?" என்றாள்.

"மோசம்னு நான் சொல்லல தாயி. தகும்னு எல்லார்ட்டயும் சொன்னேன்லா, அது எனக்குத் தெரியாதுன்னு சொல்லுதேன். இனிமேதான் ஒழுங்காப் பாக்கணும்." சொல்லிக்கொண்டே மேசைக்கு மேலே கையை நீட்டி என் தாடையைப் பிடித்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இந்தா, இவ மூஞ்சியைப் பாருங்க. நாள் பூரா கடைக்குள்ள நிக்கா, வெயிலும் இல்ல சாரலும் இல்ல. ரெண்டு பக்கமும் மங்கு ஒண்ணு போல இருக்கு. இதவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஏட்டி, ஒரு மாசம் பாதி மூஞ்சில போடுதியா?"

அவள் என்னை அவமானப்படுத்த வரவில்லை. அது அப்போதே எனக்குத் தெரியும். இந்த ஊரிலேயே என் மங்கைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே ஆள் அவள்தான்; அவளுக்கு அது ஒரு நல்ல சாட்சி, அவ்வளவுதான். ஆனால் பவுடர் கலைந்த என் முகத்தை ஆறு பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

அவள் கையைத் தட்டிவிட்டேன். கல்யாணப் பெண்ணின் அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, "நீங்க ஒண்ணும் நினைக்காதீங்கம்மா. அருவித் தண்ணி தலையில விழுந்து விழுந்து இந்தக்காவுக்கு மூளை குளுந்துபோச்சு" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணாச்சிகூடச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் அந்தக் கால்கள் அசையாமல் நின்றதைப் பார்த்தேன். விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "சரிட்டி, நீ ஏவாரத்தைப் பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். டப்பா விற்றது.

ஒன்றைச் சொல்லிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தப் பேச்சு எனக்கு முன்னால் பஸ் ஏறிக் குற்றாலம் போய்விட்டது. பத்தே நாளில் என்னிடமே ஒருத்தி வந்து, "அருவில மூளை குளுந்தவ ஒருத்தி நிக்கா, தெரியுமா?" என்று கேட்டாள். அவள் விசில் ஊதினால் சின்னப் பெண்கள் சிரிக்கிறார்களாம். வழுக்குகிற பாறையில் நிற்காதே என்று சொன்னால்கூட, குளுந்தவ கத்துதா என்று நிற்கிறார்களாம். இருந்தும் அவள் சும்மா இருக்கவில்லை. லீவு நாளெல்லாம் கடையம், ஆய்க்குடி என்று வீடு வீடாகப் போய், தான் சொன்னது தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன இடமெல்லாம் அவளை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, பாவப்பட்டு அனுப்பினார்கள். அவள் பேச்சை ஒருத்தரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பேச்சுதான். அதைக் கெடுத்தது நான்.

என் கடைக்கு மட்டும் அவள் பிறகு வரவில்லை. அடுத்த சீசனில் அருவியிலும் இல்லை. செங்கோட்டைப் பக்கம் போய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள். புனலூரில் மகள் வீட்டில் இருக்கிறாள் என்றும் சொன்னார்கள். நான் தேடவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் தேடவில்லை.

தங்க மூடி டப்பா இன்னும் என் தட்டில் இருக்கிறது, விலை மட்டும் ஏறிவிட்டது. "இவ்வளவு விலைக்குத் தகுமாக்கா?" என்று பெண்கள் கேட்கிறார்கள். "நல்லா இருக்கும்மா" என்று வாய் தானாகச் சொல்லும். சொல்லிவிட்டு மேசையைத் துடைப்பேன், அடுக்கியதையே மறுபடி அடுக்குவேன், எங்கேயாவது கையை வைக்க வேண்டும். பாதி முகத்தில் போட்டுப் பார்க்க எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.

இந்தச் சீசனில், ஒரு மத்தியானம், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்து பிள்ளைச் சோப்பு கேட்டாள். "என்னைத் தெரியுதாக்கா? கீழப்பாவூரு. கல்யாணத்துக்கு உங்ககிட்டதான் கிரீம் வாங்குனோம்" என்றாள். அன்று வாயைப் பொத்திச் சிரித்தவள். உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்து, இப்போது நரசிம்மர் கோயில் பக்கத்தில் வீடு.

"அன்னைக்கு ஒரு காக்கிச் சட்டை அக்கா வந்தாவல்லா, அவிய எங்க வீட்டுக்கும் வந்தாவ. மறுவீட்டுக்கு நான் அம்மா வீட்டுல இருந்தேன். கல்யாண வீடு எது, எதுன்னு தெருத் தெருவா கேட்டுக்கிட்டு வந்திருக்காவ."

"என்ன சொன்னா?"

"'தகுமா தகாதான்னு எனக்குத் தெரியாதுங்கதை மட்டும் தெரிஞ்சுக்கிடுங்க. டப்பாவைத் திருப்பிக் கொண்டுபோயிராதிய, அந்தக் கடைப் பிள்ளைக்கு வேலை போயிரும்'னு சொன்னாவ. எங்க அம்மைக்குக் கண்ணீரே வந்துட்டு. புத்தி பிசகுனாலும் மனசு எப்படி இருக்கு பாரேன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சா." குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, உண்மையான அக்கறையோடு கேட்டாள். "இப்ப அவியளுக்குச் சரியாயிட்டாக்கா?"

அண்ணாச்சி கல்லாவில்தான் இருந்தார். ஆனால் அவருக்காக அல்ல, வேறு எதற்காகவும் அல்ல, பழகிய வாய் அது.

"சரியாயிட்டும்மா" என்றேன்.

அவள் சந்தோஷமாகச் சோப்பை வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று ராத்திரி வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். தப்பாகச் சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்பது என்று அவள் கேட்டது கேலிப் பேச்சு இல்லை என்று புரிந்தது. நிஜமாகவே இறங்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பவுடர்கூடப் போடாமல் கிளம்பி, கீழப்பாவூர் பஸ்ஸில் ஏறினேன். கோயில் பக்கத்தில் நாலு வீட்டில் கேட்டு, அவள் வாசலில் போய் நின்றேன்.

"நான் சொன்னது தப்பும்மா" என்றேன். மூச்சு வாங்கியது. "அந்த அக்காவுக்கு அன்னைக்கும் ஒண்ணும் இல்ல, இன்னைக்கும் ஒண்ணும் இல்ல. எனக்கு வேலை போயிருமேன்னும், எல்லார் முன்னாலயும் என் மங்கைச் சொல்லிட்டாளேன்னும் நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சரியாயிட்டுன்னு போன வாரம் சொன்னதும் பொய்தான். அவ சொன்னது முழுக்க நெசம். அதைச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

அவள் என் கன்னத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணைப் பார்த்தாள்.

"இதுக்காகவாக்கா இவ்வளவு தூரம் வந்திய?"

"ஆமாம்மா."

"சரிக்கா, சரி. நீங்க மொதல்ல உக்காருங்க. காப்பி போட்டுக் கொண்டாரேன்." குரலை இறக்கி, காய்ச்சல்காரரிடம் பேசுவது மாதிரி மெதுவாகச் சொன்னாள். நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அடுப்படியில் அவள் தன் மாமியாரிடம் பேசுவது காதில் விழுந்தது.

"பாவம் அத்தை. நல்லாத்தான் இருந்தாவ. இப்ப இவியளுக்கும் வந்துட்டு போல."